நெருக்கமான காட்சியில் நடிக்கக் கேட்கிறார்களா? சரி சொல்வதற்கு முன்

வருஷத்துக்கு நாலைந்து முறை, யாராவது ஒரு இளம் நடிகையிடமிருந்து இந்த போன் வரும். பெரும்பாலும் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல். "அக்கா, ஒரு படம் வந்திருக்கு. நல்ல கேரக்டர். ஆனா..." என்று இழுப்பார்கள். அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். "ஒரு சீன் இருக்கு."

நான் 1997இலிருந்து கோடம்பாக்கத்தில் ஹேர்டிரெஸ்ஸர். முதல் மூன்று வருஷம் இன்னொரு அக்காவுக்கு உதவியாள், அப்புறம் தனியாக. ஜடை பின்னுவது எங்கள் வேலையில் பாதிதான். 'கட்' சத்தம் கேட்டதும் துண்டோடு ஓடுவது மீதி. மழைப் பாட்டு, நீச்சல் குளம், படுக்கையறை என்று எத்தனையோ செட்டில் கேமராவுக்கு இந்தப் பக்கம் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அதனால் என்னைக் கேட்கிறார்கள். மேனேஜரைக் கேட்டால் "பண்ணும்மா" என்பார், அவருக்குக் கமிஷன். அம்மாவைக் கேட்டால் அழுவார்.

பண்ணு, பண்ணாதே என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்பேன். "அடுத்த படம் என்ன பாப்பா?"

"இதுவே இன்னும் முடிவாகலையே அக்கா" என்பார்கள். காட்சியை ஒரு நாளில் எடுத்து முடித்துவிடுவார்கள். படம் வந்ததும் உங்களுக்கு வரும் முதல் மூன்று அழைப்புகளுக்கு நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்களோ அதை வைத்துத்தான் ஊர் உங்களுக்குப் பெயர் வைக்கும். அந்த மூன்று பதிலையும் இப்போதே யோசித்து வைக்கச் சொல்கிறேன்.

முன்னால் போனவர்களுக்கு என்ன ஆயிற்று

நான் வேலைக்கு வந்தபோது சில்க் ஸ்மிதா இறந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. மேக்கப் ரூமில் எப்போதும் அவர் பேச்சுதான். 1980இல் 'வண்டிச்சக்கரம்' படத்தில் சில்க் என்ற வேடம். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. மறு வருஷம் 'அலைகள் ஓய்வதில்லை'யில் தியாகராஜனின் மனைவியாக வந்து, நடிக்கவும் தெரியும் என்று காட்டினார். ஆனால் போன் எல்லாம் பாட்டுக்குத்தான் வந்தது. விலை போகாமல் பெட்டியில் கிடந்த படத்துக்கு அவருடைய பாட்டு ஒன்றை எடுத்து ஒட்டி விற்ற காலம் அது. 1996 செப்டம்பரில், 35 வயதில் போய்விட்டார். பிறகு 2011இல் அவர் வாழ்க்கையைத் தழுவிய இந்திப் படத்தில் நடித்த வித்யா பாலனுக்கு தேசிய விருது கிடைத்தது. வித்யா பாலன் மேல் எனக்குக் கோபம் இல்லை, பிரமாதமாகத்தான் நடித்தார். ஆனால் அன்றைக்கு எங்கள் மேக்கப் ரூமில் ஒருவரும் கைதட்டவில்லை.

ஷகீலா கதை வேறு. 2000இல் வந்த 'கின்னாரத் தும்பிகள்' மலையாளத்தில் ஓடிய ஓட்டத்தில் அடுத்தடுத்து அதே மாதிரிப் படங்களாக வந்து குவிந்தன. பல காட்சிகளில் டூப்பை வைத்து எடுத்து, அதுவும் அவர்தான் என்று ஜனங்களை நம்ப வைத்தார்கள் என்று அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். உடம்பு வேறொருவருடையது, கெட்ட பெயர் இவருக்கு. பிறகு டிவி சமையல் நிகழ்ச்சியில், 'குக் வித் கோமாளி' இரண்டாவது சீசனில், வீட்டில் இருக்கிற பெண்கள் அவரை 'அம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதற்கு இருபது வருஷம் பிடித்தது. உங்களிடம் இருபது வருஷம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் காலத்துக்கு வருவோம். 'வட சென்னை' (2018) சாதாரணப் படம் இல்லை, ஆண்ட்ரியா செய்ததும் சாதாரண வேடம் இல்லை. படத்தின் பழிவாங்கலே அந்தச் சந்திராவைச் சுற்றித்தான் ஓடுகிறது. அப்படியிருந்தும், அந்தப் படத்துக்குப் பிறகு படுக்கையறைக் காட்சி உள்ள வேடங்களாகவே தேடி வந்தன, அந்தக் காட்சியில் நடித்ததற்கு வருந்தினேன் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். நல்ல இயக்குநர், நல்ல கதை, நல்ல வேடம் மூன்றும் இருந்தும் இதுதான் நிலைமை. ஆகவே 'பெரிய டைரக்டர் அக்கா, பயமில்லை' என்று என்னிடம் சொல்ல வேண்டாம். இயக்குநர் பெரியவராக இருக்கலாம். அடுத்து போன் செய்பவர் அவர் இல்லையே.

வெளிநாட்டிலும் இதே கதைதான். விஸ்காம் படித்த என் மகள் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். 1992இல் 'பேசிக் இன்ஸ்டிங்க்ட்' எடுத்த அதே இயக்குநர், அதே கதாசிரியர், 1995இல் 'ஷோகேர்ள்ஸ்' எடுத்தார்கள். முதல் படம் ஓடியது. ஷாரன் ஸ்டோன் பெரிய நட்சத்திரம் ஆனார். இரண்டாவது படுத்தது, அதன் நாயகி எலிசபெத் பெர்க்லியை அவருடைய ஏஜென்சியே கைவிட்டது. அதே படத்தில் நடித்த ஆண் நடிகர் கைல் மக்லாக்லனுக்கு வேலை வந்துகொண்டேதான் இருந்தது. படம் ஓடுமா ஓடாதா என்பது உங்கள் கையில் இல்லை. படுத்தால் பழி யார் தலையில் விழும் என்பது மட்டும் முன்கூட்டியே தெரிந்த விஷயம்.

கதை கேட்கும்போது

கதை சொல்லும்போது அந்தக் காட்சி வந்ததும் இயக்குநரின் குரல் மாறும். சிலர் வேகமாகத் தாண்டிப் போவார்கள்: "அப்புறம் ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு இண்டிமேட் சீன், அதை அழகா பண்ணிக்கலாம்." இந்த 'அழகா பண்ணிக்கலாம்' என்ற சொல்லைக் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். சீன் பேப்பர் கேளுங்கள். எழுதவில்லை என்றால், எழுதிய பிறகு பதில் சொல்கிறேன் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

பேப்பர் கையில் வந்தால் அந்தக் காட்சியை விரலால் மறைத்துக்கொண்டு முன்னும் பின்னும் படித்துப் பாருங்கள். கதை இடிக்கிறதா? 'ஆடை' (2019) படத்தில் அமலா பால் நடித்ததை எடுத்துவிட்டால் படமே இல்லை. அந்தப் பெண் உடையில்லாமல் மாட்டிக்கொள்வதுதான் கதை. அது ஒரு வகை. விரலை எடுத்தாலும் வைத்தாலும் கதை ஒன்றுதான் என்றால் அது டீசருக்காக எழுதிய காட்சி. அதற்கும் சரி சொல்லலாம், அது உங்கள் இஷ்டம். ஆனால் கதைக்காகச் செய்கிறேன் என்று உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ளாதீர்கள். சம்பளத்தை அதற்குத் தகுந்த மாதிரி கேளுங்கள்.

எந்தச் சான்றிதழுக்குத் திட்டமிடுகிறார்கள் என்று கேட்டு வையுங்கள். தயாரிப்பாளருக்கு இது காசு சம்பந்தப்பட்டது. 2017இல் ஜிஎஸ்டி வருவதற்கு முன்னால், தமிழ்நாட்டில் கேளிக்கை வரி விலக்கு வேண்டுமென்றால் தமிழ்த் தலைப்பும் 'யு' சான்றிதழும் வேண்டும். அதனால் அந்தக் காலத்தில் சென்சாரில் காட்சியை வெட்டிக் கொடுத்துவிட்டு 'யு' வாங்கப் பார்ப்பார்கள். வரி விலக்கு போனதும் அந்தப் பிடி தளர்ந்தது. இருந்தாலும் 'ஏ' படத்தை அப்படியே டிவியில் போட முடியாது. டிவிக்கு என்று வெட்டித் திரும்பவும் சான்றிதழ் வாங்க வேண்டும். ஓடிடியில் தியேட்டர் சென்சார் இல்லை, 2021 விதிப்படி நிறுவனமே வயது வகை போட்டுக்கொள்கிறது. ஆக, ஒரே காட்சிக்குத் தியேட்டரில் ஒரு நீளம், டிவியில் ஒரு நீளம், ஓடிடியில் ஒரு நீளம். நீங்கள் எந்த நீளத்துக்குச் சரி சொன்னீர்கள்? இது எழுத்தில் இல்லை என்றால் எல்லா நீளத்துக்கும் சொன்னதாகத்தான் ஆகும்.

உங்களுக்கு 18 வயது ஆகவில்லை என்றால் இந்தக் கட்டுரையே உங்களுக்கு இல்லை. எந்தப் பேப்பரும் செல்லாது. போக்ஸோ சட்டம் இருக்கிறது. யார் கேட்டாலும் வீட்டில் சொல்லுங்கள்.

எழுத்து

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

அமெரிக்காவில் நடிகர் சங்க ஒப்பந்தப்படி, உடலைக் காட்டும் காட்சி என்றால் என்ன என்ன தெரியும் என்று தனித்தாளில் எழுதி, 48 மணி நேரத்துக்கு முன்னாலேயே நடிகையின் கையில் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகும், ஷாட் எடுப்பதற்கு முன் மனசு மாறினால் மறுக்கலாம். நம் ஊரில் அப்படி ஒரு தாள் நடைமுறையில் இல்லை. பல சின்னப் படங்களில் அட்வான்ஸ் ரசீதுதான் ஒப்பந்தமே. ஆகவே உங்களுக்கு என்று இருப்பது நீங்கள் கேட்டு வாங்கி வைக்கும் எழுத்து மட்டும்தான். வாட்ஸ்அப்பாக இருந்தாலும் பரவாயில்லை, ஒன்றுமே இல்லாததற்கு அது மேல்.

எப்படிக் கேட்பது என்று தயங்குகிறார்கள். நான் என் போனில் ஒரு மாதிரி வைத்திருக்கிறேன். அதையே அனுப்பிவிடுவேன்:

"வணக்கம் சார். நேற்று சொன்ன கதை ரொம்பப் பிடித்திருக்கிறது. 42ஆவது சீனைப் பற்றி எழுத்தில் தெரிந்தால் உடனே பதில் சொல்ல வசதியாக இருக்கும். என்ன உடை, உடம்பில் எது தெரியும், கூட நடிப்பவர் என்ன செய்வார், செட்டில் யார் யார் இருப்பார்கள், டீசர், போஸ்டரில் வருமா என்பதை எழுதி அனுப்பினால் போதும் சார்."

சண்டை போடுகிற தொனி எங்கேயும் இருக்கக் கூடாது. பதில் சொல்ல வசதியாக இருக்கும் என்ற அந்த வரிதான் முக்கியம்.

வருகிற பதிலில் பொத்தாம்பொதுவான வார்த்தை எதையும் விடாதீர்கள். 'கவர்ச்சி', 'போல்டு', 'இயல்பாக' என்பதற்கெல்லாம் அளவு கிடையாது. முதுகு என்றால் எதுவரை? இடுப்பு வரையா, கழுத்துக்குக் கீழே நாலு விரற்கடையா? பக்கவாட்டில் கேமரா வருமா? முத்தம் என்றால் உதட்டிலா, கன்னத்திலா, எத்தனை டேக்? அவர் கை எங்கே இருக்கும்? கேட்க வெட்கமாக இருக்கும். ஐம்பது பேர் நிற்கும் இடத்தில் அந்த நேரத்தில் கேட்பதைவிட இந்த வெட்கம் பரவாயில்லை.

'ஒன்றும் தெரியாதும்மா, லைட் மட்டும்தான்' என்பது நம் ஊர் வசனம் என்று நினைத்திருந்தேன். வெள்ளைத் துணி வெளிச்சத்தில் அடிக்கிறது, உள்ளாடையைக் கழற்றிவிடு, ஒன்றும் தெரியாது என்று தன்னிடம் சொன்னதாகவும், பிறகு திரையில் பார்த்துத்தான் என்ன தெரிகிறது என்று தெரிந்ததாகவும் 'பேசிக் இன்ஸ்டிங்க்ட்' படப்பிடிப்பைப் பற்றி ஷாரன் ஸ்டோன் 2021இல் தன் சுயசரிதையில் எழுதினார். அந்த இயக்குநர் அதை மறுக்கிறார். அவர் சொல்வது சரியா இவர் சொல்வது சரியா என்று முப்பது வருஷம் கழித்து ஊரே பேசிக்கொண்டிருக்கிறது. ஒரு தாளில் நாலு வரி இருந்திருந்தால் பேச்சே இல்லை.

டூப் பற்றித் தனியாக எழுதுங்கள். 'என் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் எனக்கு டூப் வைத்து எடுக்கக் கூடாது, என் முகத்தோடு சேர்த்து வெட்டி ஒட்டக் கூடாது.' ஷகீலாவுக்கு நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது கம்ப்யூட்டரிலேயே முகத்தை ஒட்டுகிறார்கள், அதையும் அதே வரியில் சேருங்கள். டீசர், டிரெய்லர், போஸ்டர், யூடியூப் படம் இவை ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கேட்க வேண்டும் என்று எழுதுங்கள். படத்தில் முப்பது வினாடி வரும் ஷாட்டுக்குச் சரி சொல்லியிருப்பீர்கள். டீசரில் அதில் மூன்று வினாடி வரும், ஜனங்களுக்கு அந்த மூன்று வினாடிதான் படம். இந்தி டப்பிங் யூடியூபில் வரும்போது முகப்பில் என்ன படம் வைக்கிறார்கள் என்பதை எந்த நடிகையும் முதலில் யோசிப்பதில்லை. அப்புறம் வெட்டிப்போட்ட ஃபுட்டேஜ். பயன்படுத்தாததை அழித்துவிட வேண்டும், அழித்ததாக எழுதித்தர வேண்டும். எடிட் முடிந்ததும் அந்தக் காட்சியை மட்டும் உங்களுக்குக் காட்ட வேண்டும்.

இதையெல்லாம் கேட்டால் வேடம் போய்விடாதா? போகும். சில சமயம் போயிருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு, மெசேஜ் அனுப்பிய மறுநாளே 'வேற ஆர்ட்டிஸ்ட் பார்த்துட்டோம்மா' என்று பதில் வந்தது. இரண்டு நாள் அழுதாள். ஐந்து வரி எழுதித்தர முடியாத இடத்தில் அவள் துணியில்லாமல் நிற்க வேண்டியிருந்திருக்கும் என்பதை நான் அந்த இரண்டு நாளும் சொல்லவில்லை, மூன்றாம் நாள் சொன்னேன்.

முன்கூட்டிச் சொல்லாமல் எடுப்பது என்று ஒன்று இருக்கிறது. 'புன்னகை மன்னன்' படத்தின் முத்தக் காட்சி தனக்கு முன்னால் சொல்லப்படவில்லை என்று அதில் நடித்த ரேகா 2020இல் ஒரு பேட்டியில் சொன்னார். 1986இல் வந்த படம். 34 வருஷம் அந்த விஷயம் ஒருவர் மனதில் இருந்திருக்கிறது. பிரான்ஸில் மரியா ஷ்னைடருக்கு 19 வயதில், 'லாஸ்ட் டேங்கோ இன் பாரிஸ்' படப்பிடிப்பில் அப்படித்தான். ஒரு முக்கியமான விவரத்தை மறைத்தே எடுத்தோம், அவளுடைய அவமானம் நிஜமாக வர வேண்டும் என்று நினைத்தேன் என்று அந்த இயக்குநரே பின்னால் ஒப்புக்கொண்டார். மரியா அதற்குள் இறந்துவிட்டார். நடிகைக்குத் தெரிந்தால் நடிப்பு வராது என்று யாராவது உங்களிடம் கலை பேசினால், நடிகைக்குச் சம்பளமே அதற்குத்தானே என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்.

மலையாள சினிமாவில் பெண்களின் நிலைமையை விசாரித்த ஹேமா கமிட்டியின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளிவந்தபோதும் இதே புகார்தான் அதில் இருந்தது: முதலில் மேலோட்டமாகச் சொல்லிவிட்டு, படப்பிடிப்பு தொடங்கியபின் அதிகம் கேட்பது. அதே வருஷம் இங்கே நம் நடிகர் சங்கத்தின் புகார்க் குழுவுக்கும் நடிகை ரோகிணி தலைமை தாங்கினார். அந்தக் குழு இருக்கிறது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

படப்பிடிப்பு அன்று

இப்போது 'இண்டிமசி கோஆர்டினேட்டர்' என்று ஒரு வேலையே வந்துவிட்டது. சண்டைக் காட்சிக்கு மாஸ்டர் இருக்கிற மாதிரி இதற்கு ஒருவர். 2018இல் அமெரிக்காவில் ஹெச்பிஓ என்ற டிவி நிறுவனம் அதை வழக்கமாக்கியது. மும்பையில் ஆஸ்தா கன்னா போன்றவர்கள் பயிற்சி எடுத்து வந்து செய்கிறார்கள். நான் வேலை பார்க்கிற அளவுப் படங்களில் அப்படி ஒருவரை இன்னும் பார்க்கவில்லை. சில இடங்களில் ஒரு பெண் உதவி இயக்குநர் இருப்பார். அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அம்மா செட்டுக்குள் இருந்தால் உங்களால் நடிக்க முடியாது, வெளியே கேரவனில் இருந்தால் அவரால் இருக்க முடியாது.

முதல் நாளே அந்தக் காட்சியை வைத்தால் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். யூனிட் பழகியிருக்காது, கூட நடிப்பவரின் பெயர்கூட வாயில் வந்திருக்காது. ராத்திரி கடைசி ஷாட்டாகவும் வேண்டாம். எல்லாருக்கும் வீட்டுக்குப் போக அவசரம், 'ஒண்ணே ஒண்ணு' என்று ஐந்து டேக் போகும். காலையில் உடையோடு ஒரு முறை ஒத்திகை பாருங்கள். அவர் கை எங்கே வரும், கேமரா எங்கே இருக்கும், எந்த இடத்தில் 'கட்' என்று. அந்தப் பையனுக்கும் பயமாகத்தான் இருக்கும். முக்கால்வாசிப் பேர் நம்மைவிட நடுங்குவார்கள், தண்ணீர் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பேசிவிடுங்கள், ஒத்து வராவிட்டால் தோளில் இரண்டு தட்டு, அவ்வளவுதான் என்று ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்களை எண்ணுங்கள். 'ஆடை' எடுத்தபோது அந்தக் காட்சிக்கு சுமார் பதினைந்து பேரை மட்டும் வைத்துக்கொண்டு எடுத்ததாக அமலா பால் சொல்லியிருக்கிறார். ஒரு பெரிய காட்சிக்கு அது குறைவுதான். எத்தனை பேர் என்பது முன்பே எழுதியிருந்தால், செட்டுக்குள் போனதும் சத்தமாக எண்ணலாம். நான் எண்ணுவேன். லைட்மேன் அண்ணன்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஆனால் எண்ணினால் மட்டும் போதாது என்பதை நான் ஒரு தப்பு செய்துதான் கற்றுக்கொண்டேன். பல வருஷத்துக்கு முன்னால், ஈசிஆரில் ஒரு கெஸ்ட் ஹவுஸ். படத்தின் பெயர் வேண்டாம். முதுகு மட்டும் தெரியும் ஷாட். செட்டுக்குள் ஒன்பது பேர். எல்லாருடைய போனையும் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் போட்டு வாங்கி வைத்தோம். ஸ்டில் போட்டோகிராபரை வெளியே அனுப்பியாயிற்று. நான் துண்டோடு நாலடி தூரத்தில். எல்லாம் சரியாகச் செய்துவிட்டோம் என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரு போட்டோ சுற்ற ஆரம்பித்தது. பார்த்தால், மூலையில் டைம்கோடு ஓடுகிறது. பக்கத்து அறையில் இருந்த மானிட்டரை யாரோ போனில் எடுத்திருக்கிறார்கள். மானிட்டர் முன்னால் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தயாரிப்பாளரைப் பார்க்க வந்தவர்களாம். பக்கெட் அந்த அறைக்குப் போகவே இல்லை.

அந்தப் பெண் அதற்குப் பிறகு இரண்டு படம்தான் செய்தாள். இப்போது கோயம்புத்தூரில் துணிக்கடை வைத்திருக்கிறாள். தீபாவளிக்கு போன் செய்வாள். அந்த விஷயத்தை இருவருமே பேசுவதில்லை.

ஆகவே: மானிட்டர் எங்கே, எத்தனை மானிட்டர், முன்னால் யார், மேக்கிங் வீடியோ எடுப்பவர் எங்கே, அன்றைய ஹார்ட் டிஸ்க் யார் கையில் போகிறது. இந்த ஐந்தையும் நடிகை கேட்க முடியாது, நடிப்பில் இருப்பார். உங்கள் ஆள் ஒருவர் கேட்க வேண்டும்.

படம் வந்த வாரம்

வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டிரெய்லர் வருவதற்கு ஒரு வாரம் முன்னால், நீங்களே, நேரில். சித்தப்பா போனில் பார்த்துவிட்டு அப்பாவுக்கு அனுப்பி அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. வீட்டு ஓனருக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சாலிகிராமத்தில் வாடகைக்கு இருந்த ஒரு பெண்ணிடம், டிரெய்லர் வந்த வாரம் வீட்டு ஓனர் வந்து, "பையனுக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம், வீடு வேணும்" என்றார். பையன் அப்போது பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான்.

காட்சியைத் தனியாக வெட்டிச் சுற்றவிடுவார்கள். இது நடக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2016இல் 'பார்ச்ட்' என்ற இந்திப் படம் இந்தியாவில் வெளியாவதற்கு முன்பே அதில் ஒரு காட்சி கசிந்து, ராதிகா ஆப்தே பெயரைப் போட்டுச் சுற்றியது. அதே காட்சியில் இருந்த ஆண் நடிகரின் பெயரில் ஏன் சுற்றவில்லை என்று அவர் கேட்டார். அவர் பதுங்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. வேலை பார்த்துக்கொண்டே இருந்தார். அதே வருஷம் நியூயார்க்கில் நடக்கும் டிரைபெக்கா திரைப்பட விழாவில் வேறொரு படத்துக்குச் சிறந்த நடிகை விருது வாங்கினார். அந்தப் படத்தின் காட்சியும் கசிந்ததுதான்.

கசிந்தால் முதலில் லிங்க், தேதி, நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அழிந்தபின் சாட்சி இருக்காது. உடம்பைக் காட்டும் படம் என்று சம்பந்தப்பட்டவரே புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021 ஐடி விதிகள் சொல்லின, 2026இல் அந்தக் கெடுவை இரண்டு மணி நேரமாகக் குறைத்தார்கள். ஒட்டுவேலை செய்த படத்துக்கும் அது பொருந்தும். தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் பெண்களுக்கான பிரிவு தனியாக இருக்கிறது, பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். சம்மதம் இல்லாமல் அந்தரங்கத்தைப் படம் பிடித்துப் பரப்பினால் ஐடி சட்டம் 66இ பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை. மானிட்டரைப் படம் எடுத்த ஆளுக்கு இது பொருந்துமா என்று வக்கீலைக் கேட்க அன்றைக்கு எங்களுக்குத் தோன்றவே இல்லை. தயாரிப்பாளருக்கும் போன் செய்யுங்கள். படம் அவருடைய சொத்து, காப்புரிமைப் புகார் அவர் கொடுத்தால் வேகமாக வேலை நடக்கும்.

பேட்டிக்கு ஒரே ஒரு வரி தயார் செய்யுங்கள். 'கதையில் அந்தப் பெண்ணுக்கு அப்போது அது தேவைப்பட்டது' என்கிற மாதிரி, அந்தப் பாத்திரத்தைப் பற்றி. திரும்பத் திரும்ப அதையே சொல்லுங்கள், சலிப்படைந்து அடுத்த கேள்விக்குப் போவார்கள். வருத்தப்படுகிறேன் என்றால் அது ஒரு தலைப்பு, பெருமைப்படுகிறேன் என்றால் இன்னொரு தலைப்பு. இரண்டுக்கும் முகப்புப் படம் ஒன்றுதான்.

அந்த மூன்று போன்

முதல் போன் சீக்கிரம் வரும். சம்பளம் கூட இருக்கும், அதுதான் தொந்தரவு. வேடம் முன்னதைவிடச் சின்னது, காட்சி முன்னதைவிடப் பெரியது. இரண்டாவதும் அப்படியே. இந்த இரண்டையும் மறுக்கக் கையில் காசு வேண்டும். ஆகவே படத்துக்குச் சரி சொல்லும்போதே ஆறு மாத வாடகையை, சாப்பாட்டை, ஊருக்கு அனுப்பும் பணத்தைக் கணக்குப் போட்டு அட்வான்ஸிலிருந்து தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். நான் பார்த்த வரையில் வழுக்கியவர்கள் எல்லாம் மாச வாடகையில்தான் வழுக்கினார்கள். ஒரு பெண் ஏழு மாதம் சும்மா இருந்தாள். என்னோடு வடபழனி கோயிலுக்கு வருவாள், டியூஷன் எடுத்தாள். எட்டாவது மாதம் ஒரு போலீஸ்காரி வேடம் வந்தது. நாயகி இல்லை, பதினொரு நாள் கால்ஷீட். செய்தாள். இப்போது அவளுக்கு வருகிற வேடத்தில் பாதி யூனிஃபார்ம்தான். அதிலும் அலுத்துக்கொள்கிறாள், அது வேறு.

அதே படம் வேறு மொழியில் வாய்ப்பு கொண்டுவந்தால் யோசித்துப் பாருங்கள். புது ஊரில் உங்கள் பழைய காட்சியைப் பார்க்காமலே கூப்பிட்டிருக்கலாம், பார்த்துவிட்டும் கூப்பிட்டிருக்கலாம். "என்னோட எந்த வேலையைப் பார்த்தீங்க சார்?" என்று கேட்டால் தெரிந்துவிடும்.

கடைசியாக, அந்த நாளுக்கு என் பையில் என்ன இருக்கும் என்று கேட்பார்கள். தோல் நிறத் துணி, அதே நிறத்தில் டேப், அதை எடுக்கத் தேங்காய் எண்ணெய், ஊக்கு ஒரு அட்டை, முன்பக்கம் முடிச்சுப் போடுகிற நைட்டி, குளுக்கோஸ், எழுதி வாங்கிய தாளின் ஜெராக்ஸ் இரண்டு. பெரிய துண்டு இரண்டு. கறுப்பாக இருந்தால் நல்லது, வெள்ளை நனைந்தால் உடம்போடு ஒட்டி எல்லாம் தெரியும்.